கை எட்டாத முதுகு

மணலுக்குப் பஞ்சமான ஊரா மரக்காணம்? கடற்கரை முழுக்க மணல்தான். ஆனா உப்பளத்துல பொறந்து வளர்ந்த பொண்ணுக்குக் கைக்கு எட்டினது உப்பு. மேரிசெல்வி ஒரு கோணிப்பை நிறைய கழிவு உப்பை அள்ளிப் போட்டு, வாயைத் தெச்சு, வீட்டுக்குப் பின்னாடி வேப்பமரத்துல தொங்கவிட்டா. குத்துச்சண்டை பழகறதுக்கு மூட்டை வேணுமே! மாசிப் பனியைக் குடிச்சுக் குடிச்சு அந்த உப்பு ஒரே வாரத்துல பாறையா இறுகிப்போச்சு. மூட்டை இறுகிச்சா, இல்ல நம்ம கை இளைச்சிச்சான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். எங்க யோசிச்சா? வலிக்குதுன்னா நல்லா குத்தறோம்னு அர்த்தம்னு நினைச்சுக்கினு இன்னும் ஓங்கிக் குத்தினா. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?

புதன்கிழமை காலையில பாயை விட்டு எழுந்திருக்க முடியல. தோளு, முதுகு, விலா எல்லாம் புடிச்சிக்கிச்சு. தலை சீவக் கையைத் தூக்கினா காது வரைக்கும்தான் வருது. ஞாயித்துக்கிழமை விழுப்புரத்துல செலக்‌ஷன்.

அந்த செலக்‌ஷன்ல ஜெயிச்சா சென்னை ஹாஸ்டல்ல இடம் கிடைக்கும். கூடப் பழகற மத்த பொண்ணுங்க மெடலுக்கும் வேலைக்கும் ஆசைப்பட்டாங்க. இவ ஆசைப்பட்டது அந்த ஹாஸ்டல் ரூமுக்கு. ஒரு ரூமுல நாலு கட்டிலாம், நாலு பொண்ணுங்களாம். திண்டிவனத்துல கோச் தேவநாதன் சார் அதைச் சொன்ன நாள்லருந்து இவ உப்பளத்து வேலையை முடிச்சுட்டு மதியம் அங்க பிராக்டீஸுக்கு பஸ் புடிச்சு ஓடறா. போன ஐப்பசியில அம்மா சாலம்மாள் போய்ச் சேர்ந்துட்டாங்க. அண்ணன் கௌதமன் திருப்பூர்ல பனியன் கம்பெனி. எப்பவாச்சும் போன் பண்ணி, "சாப்டியா?"ன்னு கேட்டுட்டு வெச்சிடுவான். அந்த வீட்டுல இவ தும்மினா இவளேதான் கேட்டுக்கணும்.

சாருக்கு போன் போட்டா. உப்பு மூட்டைக் கதையைக் கேட்டு அந்த மனுஷன் தலையில அடிச்சுக்கினு சத்தம் போட்டாரு. அப்புறம் தணிஞ்சு, "படுத்துக் கிடக்காத. மெதுவா நட. வெந்நீர் ஒத்தடம் குடு. தண்ணி நிறைய குடி. கையை மெதுவா சுத்து, வலி வந்தா நிறுத்து. யாரையாச்சும் முதுகுல எண்ணெய் போட்டு இதமா தேய்ச்சு விடச் சொல்லு"ன்னாரு.

எல்லாத்தையும் செஞ்சா. குண்டான்ல வெந்நீர் வெச்சு, துண்டை முக்கிப் புழிஞ்சு தோள்ல போட்டா. கழிவெளி ஏரிப் பக்கமா மெதுவா நடந்துட்டு வந்தா. சொம்பு சொம்பா தண்ணி குடிச்சா. ஆனா எண்ணெய்? தோளுக்குப் போட்டா, விலாவுக்குப் போட்டா. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, எங்க அதிகமா வலிக்குதோ அங்க மேல இருந்தும் கை போகல, கீழ இருந்தும் போகல. தன் கையே தனக்கு உதவின்னு சொன்னவனுக்கு ஒரு நாளும் முதுகு புடிச்சிருக்காது. கடைசியில கதவு நிலைக்கு எண்ணெய் தடவி, மாடு மரத்துல உரசற மாதிரி அதுல உரசிக்கினா. உரசும்போதே அவளுக்கு அழுகை வந்துடுச்சு.

வியாழக்கிழமை உப்பளத்துக்குப் போனா. கூட வேலை செய்யற பாஞ்சாலை அக்கா உப்பு வாருற பலகையை நிறுத்திட்டு ஏற இறங்கப் பாத்தாங்க.

"ஏண்டி இப்படி விறைச்சுக்கினு வர்றே? எவன்டி அடிச்சான்?"

"யாரும் அடிக்கலக்கா. பாக்ஸிங் பிராக்டீஸ்."

"காசு குடுத்து அடி வாங்கறவளை இப்பதான் பாக்கறேன்"னு அக்கா சிரிச்சாங்க. பாத்தியில நின்ன நாலு பேரும் சிரிச்சாங்க.

அக்கா கெட்டவங்க இல்ல. முதுகைத் தேய்ச்சு விடுங்கன்னு கேட்டிருந்தா பலகையைப் போட்டுட்டு வந்திருப்பாங்க. வாய் வரைக்கும் வந்தது இவளுக்கு. கேட்டா, அம்மா இல்லாதவன்னு ஒரு பார்வை பாப்பாங்களே, அதை நினைச்சு முழுங்கிட்டா. வாய் விட்டுக் கேக்காத பிள்ளைக்கு யாரு என்ன பண்ண முடியும்? குனிஞ்சு மெதுவா உப்பை இழுத்தா. இழுக்க இழுக்க உடம்பு கொஞ்சம் கொஞ்சமா இளகிச்சு. சனிக்கிழமை சாயங்காலம் கை தலைக்கு மேல போச்சு.

ஞாயித்துக்கிழமை ரிங்ல எதிர்ல நின்னது வைஜெயந்தி, கிளியனூர்ப் பொண்ணு. முதல் ரவுண்டு மொத்தமும் மேரிசெல்வி பக்கம்தான். தோளு வெண்ணெய் மாதிரி சுத்துது. தேவநாதன் சார் ஓரத்துல நின்னுக்கினு, "அப்படித்தான், அப்படித்தான்"ங்கறாரு.

ரெண்டாவது ரவுண்டுல மூச்சு வாங்கின வைஜெயந்தி, அடிக்குத் தப்பிக்க இவளை அப்படியே கட்டிப் புடிச்சிக்கினா. குத்துச்சண்டையில அது சகஜம்தான். அவ கன்னம் இவ கழுத்துல பட்டுச்சு. சூடா இருந்தது. அவ கை ரெண்டும் இவ முதுகைச் சுத்தி இருந்தது. பெட்டியில வெக்கறதுக்கு முன்னாடி அம்மாவைக் கட்டிக்கினு அழுதாளே, அதுக்கப்புறம் மேரிசெல்வியை யாரும் கட்டிக்கல. அடிச்சிருக்காங்க, நிறைய பேரு அடிச்சிருக்காங்க. இப்படி யாரும் புடிச்சதில்ல.

ரெஃப்ரி, "பிரேக்"ன்னாரு. வைஜெயந்தி விட்டுட்டா. இவ விடல.

ரெஃப்ரி பிரிச்சு விட்டு எச்சரிச்சாரு. அடுத்த நிமிஷமே இவளாப் போய்க் கட்டிக்கினா. மறுபடியும் எச்சரிக்கை, பாயிண்ட் போச்சு. மூணாவது ரவுண்டுல அடிக்க எவ்வளவோ இடம் இருந்தது. ஹாஸ்டல், நாலு கட்டில், எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் கை தானா போய் அந்தப் பொண்ணைச் சுத்திக்கிச்சு. கடைசியில வைஜெயந்தி கையைத்தான் தூக்கினாங்க.

"ஜெயிச்ச ஆட்டத்தைத் தூக்கிக் குடுத்துட்டியே. ஏன் விடாம புடிச்சே?"ன்னாரு சார். அவரு குரலே உடைஞ்சு போயிருந்தது.

"தோளு மறுபடியும் புடிச்சிக்கிச்சு சார். கையை எடுக்க முடியல."

அவரு நம்பிட்டாரு. பஸ்ல ஏறறதுக்கு முன்னாடி கூட வந்த பொண்ணுங்களைக் கூப்பிட்டு, "இவளுக்கு உடம்பு ஆறணும். நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் இவ மேல கை வெக்கக் கூடாது, புரிஞ்சுதா?"ன்னாரு. எல்லாரும் தலையாட்டினாங்க. பாவம், நல்ல பிள்ளைங்க. இடிச்சு வலிக்கப்போகுதுன்னு அவ பக்கத்து சீட்டைக் காலியா விட்டுட்டு, மூணு பேர் சீட்டுல நாலு பேரா நெருக்கிக்கினு உக்காந்தாங்க.