கண்ணாடி அறைக்குள் வளர்ந்த குழாய்கள்

கன்னியம்மா கண்ணாடி அறைக்குள் போய் நின்றால் சர்வர் சமர்த்தாக ஓடும். வெளியே வந்து அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து சற்று நேரம் ஆகட்டும், படுத்துக்கொள்ளும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் அந்தச் சின்னக் கம்பெனி தாம்பரம் சானடோரியத்தில் இருந்தது. பக்கங்களும் படங்களும் குடியிருந்தது அந்த ஒரே சர்வரில். அதைப் பார்த்துக்கொள்ள வந்தவள் கன்னியம்மா. கோவளத்து மீனவக் குடும்பத்தின் முதல் பி.எஸ்ஸி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"இன்னா மேடம், உன் மெஷினு மறுபடியும் தூங்கினு கீது? ஒரு படத்தைத் தொறக்கச் சொல்லிட்டுப் போயி டீயே குடிச்சிட்டு வந்துட்டேன்," என்பான் சிட்டிபாபு. பக்கம் அமைப்பவர்களில் வாய் நீளமானவன் அவன்.

முதலாளி ஸ்ரீரங்கன் குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயம். "ஃப்ரைடே லண்டன் பார்ட்டி வர்றாங்க. அவங்க எதிர்ல இது முழிச்சுகிட்டு நின்னா, நீ வேற இடம் பாத்துக்கம்மா."

"மெமரி இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டா..."

"இருக்கறதை வெச்சு ஓட்டத்தானே உன்னை வெச்சிருக்கேன்?"

இருப்பதை வைத்து ஓட்டிப் பார்த்தாள். அடிக்கடி திறக்கும் கோப்புகளை, ஒவ்வொரு முறையும் டிஸ்க்குக்கு ஓடாமல், மெமரியிலேயே கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும்படி அமைப்பை மாற்றினாள். பிதுங்கிக் கிடந்த டிஸ்க்கில் பழைய குப்பையை அழித்தாள். துண்டு துண்டாகச் சிதறியிருந்த கோப்புகளை ஒட்டவைத்தாள். வேகம் கூடத்தான் செய்தது, அவள் அறைக்குள் இருந்த வரை.

"அதுக்கு உம்மேல லவ்வு மேடம். நீ போனா சோகமாயிடுது," என்றான் சிட்டிபாபு.

புதன்கிழமை, வெறுத்துப்போய், உள்ளே நுழையாமல் கண்ணாடிக்கு வெளியிலேயே நின்று பார்த்தாள். திரையில் பச்சையும் சிவப்புமாகக் குழாய்கள் முளைத்து, வளைந்து, பின்னிக்கொண்டிருந்தன. யாரும் தொடாமல் விட்டால் தானாக வரும் படம். முதலாளிக்கு அதென்றால் உயிர். ஒவ்வொரு குழாய்க்கும் பளபளப்பு தீட்டுவதிலேயே மெஷினின் மூளை முழுக்கத் தீர்ந்துகொண்டிருந்தது. கோப்பு கேட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். அவள் போய் மவுசைத் தொட்டதும் குழாய் மறையும், வேகம் திரும்பும். திருடன் அத்தனை நாளும் அவள் காலடிச் சத்தத்துக்கு ஓடி ஒளிந்திருக்கிறான். படிச்சது என்னத்துக்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டு முதலாளியிடம் ஓடினாள்.

"ஒரு படம் ஓடினா மெஷின் திணறுமா? காதுல பூ சுத்தாதம்மா. அதை எடுத்துட்டு கறுப்பு ஸ்கிரீனைக் காட்டி, இதுதான் எங்க சர்வர்னு நான் வெள்ளைக்காரன்கிட்ட சொல்லணுமா? குழாய் இருக்கணும்."

மறுநாள் காலை பஸ்ஸில் அம்மா எல்லம்மாவின் மீன்கூடை கன்னியம்மாவின் காலடியில் இருந்தது. மேலே ஒரே ஒரு வஞ்சிரம், வெள்ளிபோல. அடியெல்லாம் மலிவான சங்கரா.

"இந்த வெலைக்கு வஞ்சிரத்தை யாரும்மா வாங்கப் போறாங்க?"

"வாங்கறதுக்கா வெச்சேன்? பாக்கறதுக்குடி."

அன்று சாயங்காலத்துக்குள் சர்வர் மேஜைக்கு அடியில் போய்விட்டது. அதன் இடத்தில், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று துடைத்து வைக்கப்பட்டு, குழாய் வளர்க்கும் ஒரே வேலையைப் பார்த்தது.

"கீழ அது என்ன?" என்றார் ஸ்ரீரங்கன்.

"ஸ்டாண்ட்பை சார்," என்றாள்.

வெள்ளிக்கிழமை லண்டன்காரர் முன்னால் பக்கங்கள் சொடுக்கும் நேரத்தில் திறந்தன. ஸ்ரீரங்கன் அவரைக் கண்ணாடிக்கு அழைத்துப்போய்க் குழாய்களைக் கை நீட்டிக் காட்டினார். அந்த மனிதர் குழாயைப் பார்த்தார். பிறகு குனிந்து, மேஜைக்கு அடியில் விடாமல் மினுக்கிய விளக்கைப் பார்த்தார். கன்னியம்மாவுக்கு வேலை போய்விட்டது என்றே தோன்றியது. நிமிர்ந்தவர் அவளைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தார். "வெரி நைஸ் சர்வர்," என்றார் முதலாளியிடம்.

திங்கட்கிழமை வேலை நிரந்தரமானது. கூடவே ஸ்ரீரங்கன் ஒரு குட்டி டப்பாவை நீட்டினார். "மெமரி கேட்டியே, இந்தா. நம்ம சர்வருக்குப் போடு."

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்துபோன பிறகு, அவள் மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய் அதைப் போட்டாள்.

மூன்று மணிக்கு ஸ்ரீரங்கன் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றார். "பாத்தியா? குழாயெல்லாம் இப்ப என்ன ஸ்பீடா வளருது!"

"ஆமா சார்."

இது பொய்யா, மரியாதையா என்று அவள் தனக்குள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து சிட்டிபாபு கத்தினான்: "இன்னா மேடம் பண்ணி வெச்ச? ஒரே பேஜாரா கீது. கேக்கறதுக்கு முன்னாடி தொறந்துக்குது, மனுசன் எப்பதான் டீ குடிக்கறது?"