விளம்பரம் என்று தமிழில் சொன்னது

என் சமையல் வீடியோக்களைப் போனில் எடுப்பவர் என் கணவர். விருத்தாசலத்தில் ஒரு கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார். சிறுவயதில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டது. பேசுவார், கொஞ்சம் உரக்க. மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

அதனால் நான் குனிந்துகொண்டே பேச முடியாது. வாணலியைக் கிளறிவிட்டு நிமிர்ந்து, போனுக்கு மேலே தெரியும் அவர் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொல்வேன். அவருக்காகத்தான் வீடியோவின் கீழே தமிழில் எழுத்தும் போட ஆரம்பித்தேன். "அக்கா நம்மகிட்டயே பேசுற மாதிரி இருக்குது" என்று பார்க்கிறவர்கள் எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

முதன்முதலாக ஒரு பாத்திரக் கம்பெனி தோசைத் தவா அனுப்பி, அதைப் பற்றிப் பேசச் சம்பளமும் தந்தது. ஞாயிற்றுக்கிழமை தோசை சுட்டு, படம் பிடித்து, எல்லாம் சேர்த்து முடித்தேன். வெளியிடுவதற்கு முன் வழக்கம்போல அவரிடம் காட்டினேன். அவர் திரையின் மேல் மூலையில் இருந்த சின்ன இங்கிலீஷ் எழுத்தைத் தொட்டார்.

"என்னாது இது?"

"காசு வாங்கிட்டுப் பண்ண வீடியோன்னு அர்த்தம். அப்படித்தான் போடணுமாம்."

"மீதியெல்லாம் தமிழ்ல இருக்குது. இது மட்டும் ஏன் இங்கிலீஷ்ல?"

"ரூல்ஸ்படி அது போதுங்க."

அவர் கோபப்படவில்லை. போனைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "உன் வீடியோ பாக்குறவங்க என்னைய மாதிரி இங்கிலீஷ் தெரியாத ஆளுங்கதானம்மா."

பாத்திரக் கம்பெனியில் என்னிடம் பேசும் பெண்ணுக்குப் போன் செய்து, காசு வாங்கியதை ஆரம்பத்திலேயே தமிழில் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"லேபிள் இருக்கே அக்கா. ஆரம்பத்துலயே வாயால சொன்னீங்கன்னா, விளம்பரம்னு தள்ளிட்டுப் போயிடுவாங்க" என்றாள் அந்தப் பெண்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இருந்தாலும், "போறவங்க போவட்டும்மா, நான் சொல்லிடுறேன்" என்றேன்.

தொடக்கத்தை மட்டும் திரும்ப எடுத்தோம். வார்த்தை வாயில் வரவே இல்லை. ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் போல முகம் இறுகியது. அவர் போனைத் தாழ்த்தி, "என்கிட்ட சொல்லு" என்றார்.

அவரிடமே சொன்னேன். "இந்தத் தவாவ கம்பெனிக்காரங்க குடுத்தாங்க. இதப் பத்திப் பேச எனக்குச் சம்பளமும் குடுத்துருக்காங்க. தோசை ஒட்டாம வருது. ஆனா ஓரம் வேக கொஞ்சம் நேரமாவுது." அதையே தமிழில் பெரிய எழுத்திலும் போட்டோம்.

கம்பெனிக்கு அனுப்பியதும் அந்தப் பெண் கூப்பிட்டாள். விளம்பரம் என்று சொன்னதை அவளுடைய மேடம் ஒத்துக்கொண்டார்களாம். "ஓரம் பத்திச் சொன்னத மட்டும் எடுத்துடலாமா அக்கா?" என்று தயங்கிக் கேட்டாள். "இருக்கட்டும்மா, நெசந்தானே" என்றேன். விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு என்னை அவர்கள் அழைக்கவில்லை.

வீடியோவைப் பலர் பார்த்தார்கள். பாதியில் போனவர்களும் உண்டு. பெண்ணாடத்திலிருந்து ஒரு பெண், "முன்னாடியே சொல்லிட்டீங்க, நிம்மதியா யோசிச்சு வாங்குவேன்" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழேயே வேறொருவர், "காசு வந்ததும் அக்கா மாறிட்டாங்க" என்று எழுதியிருந்தார். மனசு சுருங்கிப்போய் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் அந்த வரிக்குப் பதில் போயிருந்தது, என் கணக்கிலிருந்தே: "மாறல. நான் தினமும் பாக்குறேன். இப்படிக்கு, வீடியோ எடுக்குறவர்."

அதற்குக் கீழே சிரிப்பும் இதயமுமாக வந்து குவிந்துகொண்டிருந்தன. அவர் வெட்கத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு, "பால் வாங்கியாறேன்" என்று கிளம்பினார். வாசல்வரை போய் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். அவசரத்தில் மாற்றிப் போட்டிருந்த சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டேன்.