ஓட்டுப் போட்ட அன்று மலர்கொடி நனைந்தாள்

மழை வந்தால் ஊரெல்லாம் சந்தோஷப்படும். மரக்காணம் உப்பளத்தில் நாங்கள் மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டுவோம். வாரிக் குவித்த உப்பு கரைந்து ஓடிவிட்டால் எங்கள் பிழைப்பும் அதோடு போகும். அதனால் முகத்தில் ஒரு சொட்டு விழுந்தாலே, கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தார்பாயை எடுக்க ஓடுவோம். குவியலின் உச்சியில் ஏறி அதை இழுத்து மூடுவது எப்போதும் மலர்கொடிதான். ஆள் ஒல்லி, அவள் கால் வைத்தால் உப்பு சரியாது.

அவள் வீட்டுக்காரர் சுப்ராயன் போன ஐப்பசியில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அதிலிருந்து மலர்கொடி சிரிப்பதற்குக்கூட அனுமதி வாங்கவேண்டியிருந்தது. அனுமதி தரவேண்டியவர் சுப்ராயனின் அண்ணன் சிவஞானம். எங்கள் மேஸ்திரியும் அவர்தான். வீட்டிலும் அவர், வேலையிலும் அவர் என்றால் ஒரு பெண் எங்கே போய் மூச்சு விடுவாள்?

ஓட்டுப் போடும் நாளன்று உப்பளத்துக்கு லீவு விட்டார்கள். இரும்பை என்ற ஊர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பில் செயற்கையாக அருவி கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெண்களெல்லாம் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டி பேசினோம். மலர்கொடியும் வருகிறேன் என்றாள். அருவியை அவள் டிவியில்தான் பார்த்திருக்கிறாள். ஒரு தடவையாவது அதன் அடியில் நிற்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. விஷயம் சிவஞானத்தின் காதுக்குப் போனது. கிளம்புகிற நேரத்தில் வாசலில் வந்து நின்று, எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"அவன் செத்து வருஷம் திரும்பல. ஜனங்க நடுவுல ஈரச்சேலையோட நிக்கப் போறியா? போறதுன்னா போ. நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

மலர்கொடி நேராகப் போய் ஓட்டுப் போட்டாள். விரலில் மை காய்வதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தோப்பைக் குறை சொல்ல முடியாது. மாங்காய் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது, அந்தப் பக்கம் கொய்யாவும் சப்போட்டாவும். அருவிதான் அருவி மாதிரி இல்லை. சிமெண்டில் பாறை செய்து, பாசிக்குப் பதில் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மோட்டார் போட்டால்தான் தண்ணீர் வருமாம். அதுவரை சாப்பிடலாமென்று மரத்தடியில் துணி விரித்துப் புளிசோற்றை எடுத்துவைத்தோம்.

அந்த நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டார்கள். பக்கத்துத் தகரக் கொட்டகைமேல் சடசடவென்று தண்ணீர் அடித்தது, எங்கள் முகத்திலும் நாலு சொட்டு. அவ்வளவுதான், அத்தனை பேரும் எழுந்துவிட்டோம். கூட வந்திருந்த வேலம்மாள் "தார்பாய், தார்பாய்" என்று கத்திக்கொண்டே விரித்த துணியை உருவ, சோறெல்லாம் மண்ணில் கொட்டியது. மலர்கொடி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, ஏறுவதற்கு உப்புக்குவியலைத் தேடினாள். தோப்புக்கு வந்திருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அப்படியே நடந்து போய் அருவிக்கு அடியில் நின்றாள். நாங்களெல்லாம் குளித்துக் கரையேறியும் அவள் நகரவில்லை. காவலுக்கு நின்ற பையன் வந்து, மற்றவர்களுக்கும் இடம் விடும்படி சொன்னான்.

"ஓரமா நின்னுக்கறேன் தம்பி," என்றாள். "முப்பது வருஷமா மேலேர்ந்து தண்ணி வுழுந்தா ஓடிக்கிட்டே இருக்கறேன். இன்னைக்கு ஓடறதா இல்ல."

வேலம்மாளின் மகள் வினோதினி அதை போனில் படம் பிடித்தாள். ஸ்டேட்டஸில் போடச் சொன்னதும் மலர்கொடிதான். சிவஞானம் மாமா பார்க்கவேண்டுமாம்.

மாமா பார்த்தார். மறுநாள் காலையில் அவளுடைய உப்பு வாரும் பலகையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார். மலர்கொடி கெஞ்சவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை. உப்புக்குவியல் பக்கத்தில் வரப்பின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

வேலை முடிகிற நேரத்தில் மேற்கே கறுத்தது. சிவஞானம் தார்பாயை எடுக்கச் சொல்லிக் கத்தினார். எடுத்து வந்தோம். யாராவது மேலே ஏறுங்கள் என்றார். ஒருத்தியும் ஏறவில்லை. வேலம்மாள் தன் கொண்டையை அவிழ்த்து, நிதானமாக மறுபடி முடிந்தாள். முதல் சொட்டு என் கன்னத்தில் விழுந்தது. உப்பு கரைந்தால் எங்களுக்கும்தான் நஷ்டம், ஆனாலும் கால் அசையவில்லை.

"மலரு, ஏறும்மா," என்றார் சிவஞானம்.

"வேலைக்கு வராதன்னு சொன்னீங்களே மாமா."

அவர் வானத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். "வா. நாளைக்கும் வா."

"எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லுங்க."

சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் ஏறினாள்.

மூடி முடித்ததும் மழை கொட்டியது. நாங்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு ஓடினோம். மலர்கொடி இறங்கி வந்து வெளியிலேயே நின்றாள், தலையில் முந்தானைகூட இல்லை. நனையாமல் உள்ளே வரும்படி சிவஞானம் கூப்பிட்டார்.

"நீங்க உள்ளயே இருங்க மாமா," என்றாள். "நான் நனையறேன்."