எலிகளுக்கு நான் பேசிய கலியாணம்

மருத்துவ பீடத்தில், ஆராய்ச்சி விலங்குகள் வளர்க்கும் அனிமல் ஹவுஸில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் எலியை வாலில் பிடித்துத் தூக்க டொக்ரர்மார் என்னிடம்தான் பழகினார்கள்.

எங்களிடம் ஒரு வெள்ளை எலி ஸ்ட்ரெயின் இருந்தது. அண்ணனையும் தங்கையையும் சோடி சேர்த்து, அவற்றின் குட்டிகளையும் அப்படியே சேர்த்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்த ‘இன்பிரெட்’ வகை. அப்போதுதான் எல்லா எலியும் ஒரே அச்சாக இருக்கும். மருந்து கொடுத்துப் பார்த்தால், வருகிற வித்தியாசம் மருந்தால் வந்தது என்று சொல்லலாம். விரிவுரையாளர் மிஸ்ஸின் மூன்று வருட ஆராய்ச்சி அந்த எலிகளை நம்பித்தான் நின்றது. சண்டையால் கொழும்புப் பாதை பூட்டியிருந்த காலம். கெட்டால் வேறு எலி எடுக்க வழியில்லை.

எனக்கு அந்தச் சோடி சேர்ப்பு மனதுக்கு ஒத்துவரவில்லை. கொக்குவிலில் முறை பார்த்துக் கலியாணம் செய்கிற குடும்பம். காலையில் திருநீறு பூசிக்கொண்டு போய் அண்ணன் கூட்டில் தங்கையை விடுவதா? ஒரு தலைமுறைக்கு, மிஸ்ஸிடம் கேட்காமல், மச்சான் மச்சாளாகப் பார்த்துச் சேர்த்தேன். கூட்டில் தொங்கும் அட்டையில் மட்டும் வழக்கம்போலச் சகோதரம் என்று எழுதினேன்.

ஒரு நாள் மிஸ் ஐந்தாம் கூட்டு எலிகளின் காதைப் பார்த்தார். ஓர் ஈற்றுக் குட்டிகளுக்கெல்லாம் காதில் ஒரே இடத்தில் வெட்டு அடையாளம் போடுவோம்.

“கந்தையா அண்ணை, இவனுக்கு வெட்டு இடக்காதிலை, பெட்டைக்கு வலக்காதிலை. அட்டையிலை சகோதரம் எண்டு கிடக்கு.”

“உவை மச்சானும் மச்சாளும், மிஸ்.”

“ஆர் பேசின சம்பந்தம்?”

“நான்தான்.”

“சாதகமும் பாத்தனீங்களோ?”

கேட்டவர் சிரிக்கவில்லை.

“மூண்டு வரிய வேலை, அண்ணை. எது எதோடை சேந்தது எண்டு இனி எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”

நான் தனியாக வைத்திருந்த குறிப்புக் கொப்பியைக் கொடுத்தேன். அட்டையில் பொய் எழுதினாலும், முறை தவறிவிடக்கூடாது என்று ஒவ்வொரு சோடியையும் அதில் உள்ளபடி குறித்திருந்தேன். விரல் வைத்து வாசித்த மிஸ் ஓரிடத்தில் நின்றார்.

“ஒன்பதாம் கூடு?”

“அதுக்கு மச்சான் கிடைக்கேல்லை. இருந்த ஒருத்தனும் செத்துப்போனான். அண்ணனோடையே விட்டிட்டன்.”

“அதுதான் சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கிறியளோ?”

“ஓம், மிஸ். பாக்க ஒரு மாதிரி.”

“சாக்கை எடுங்கோ. எங்கடை ஸ்ட்ரெயின் இனி உதுக்குள்ளை மட்டும்தான் இருக்கு.”

மற்றக் கூட்டு எலிகளை மாணவர் பயிற்சிக்கு ஒதுக்கினோம். ஒன்பதாம் கூட்டுப் பெட்டை குட்டி போடும்வரை மிஸ் ஒவ்வொரு நாளும் வந்து எட்டிப் பார்த்தார். ஆறு குட்டிகள். வளர்ந்ததும் அண்ணனையும் தங்கையையும் என் கையாலேயே சேர்த்தேன். அட்டையிலும் அப்படியே எழுதினேன்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: பிடிக்காத வேலையென்றால் வாய்திறந்து சொல்லுங்கள், செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள். அந்த ஸ்ட்ரெயின் தப்பியது என் கொப்பியால் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அதைக் கெடுக்கப் பார்த்தவனும் நான்தான் என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.