ரயில்வே கேட்டில் ஆமணக்கு

திருவொற்றியூர், 1949 ஆடி மாதம், விளக்கேற்றும் நேரம். ரயில்வே கேட் மூடியிருக்கிறது. பக்கத்துக் குடிசையில் பச்சைக்குழந்தை வீறிடுகிறது. கேட்காரர் ஆமணக்கு இலையைக் கைவிளக்கின் சூட்டில் வாட்டுகிறார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி என்று படித்திருக்கிறேன்.

“இதன் கொட்டை விஷமாச்சே?” என்கிறேன்.

“அதான் சார், காய்க்க வுடாம பூவையே கிள்ளிப் போட்ருவேன். பசங்க வெளையாட்ற எடம். எனக்கு எலைதான் வோணும். கொயந்த பொறந்து மூணு நாளாவுது, தாய்க்குப் பாலே இல்ல. பால் சொரக்கும்னு நேத்துலருந்து இந்த எலைய மார்ல வச்சுக் கட்டிகினு கீது.”

இலையை உள்ளே கொடுத்துவிட்டு ஓடிவந்து, அதே விளக்கைத் தூக்கிக் காட்டுகிறார். சரக்கு ரயில் தடதடவென்று கடக்கிறது. ஓசை அடங்கிய பிறகுதான் தெரிகிறது, அழுகை நின்றிருக்கிறது.

அவர் கேட்டைத் திறக்காமல் குடிசைப் பக்கமே காதைக் கொடுத்து நிற்கிறார். சைக்கிள்களோடு காத்திருக்கும் நாங்கள் யாரும் மணியடிக்கவில்லை.