விழும்போது வாய் திறந்த கம்ப்யூட்டர்

போன வாரம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க, பெரம்பலூரில் பஷீர் பாயின் ஸ்டூடியோவுக்குப் போனேன். பாய் முகத்தைப் பார்த்ததும் வந்த வேலையே மறந்துவிட்டது.

லப்பைக்குடிகாட்டு ஜமால், பஷீர் பாயின் பால்ய சிநேகிதர். சவூதியில், தம்மாமில் வேலை. மகள் நிக்காஹுக்கு லீவு கிடைக்கவில்லை. "வெள்ளிக்கிழமை ரூம்லதான் இருப்பேன், வீடியோவ அனுப்பிடுடா" என்று கேட்டிருந்தார். அன்றைக்கு வெள்ளி. வீடியோ முக்கால்வாசி தயாராகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது. ஏன்? சொல்லாது. பாய் சுவிட்சை அணைத்துப் போடுவார். மறுபடி முதலிலிருந்து...

என் கண்ணெதிரேயும் நின்றது. ஆனால் இந்த முறை திரையில் நாலு வரி இங்கிலீஷ், பக்கத்தில் பெரிய கியூஆர் கோடு.

"பாத்தீங்களாண்ணே, இவனும் காசு கேக்குறான்" என்றார் பாய்.

சொன்னதோடு விட்டாரா? பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து ஸ்கேன் வேறு செய்தார். செல்லாது என்று வந்தது. "நல்ல வேள" என்றபடி சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"இருங்க பாய், அணைக்காதீங்க" என்று அந்தக் கோடுக்கு நேரே என் போன் கேமராவைக் காட்டினேன். கம்ப்யூட்டர் எதனால் விழுந்தது என்ற விவரம் வரிவரியாக வந்தது. எனக்கு ஒரு வரியும் புரியவில்லை என்பது வேறு விஷயம். பாயின் கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்கும் அரியலூர் மணிமேகலைக்கு அதை அனுப்பினோம்.

உடனே போன் வந்தது. "ரேம்ல கோளாறுங்க பாய். உள்ள ரெண்டு இருக்குல்ல, ஒண்ணொண்ணா கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க. மெதுவா ஓடும், ஆனா நிக்காது."

"இத்தன நாளா இத ஏம்மா சொல்லல அது?"

"சொல்ல வழியில்லைங்க. இப்ப அணைச்சுப் போட்டப்ப ஏறின புது அப்டேட்லதான், திரையில படம் காட்டுற கிராபிக்ஸ் டிரைவர் மூலமா கடைசியா இத காட்டிட்டு விழுற மாதிரி செஞ்சிருக்காங்க."

இரண்டாவது ரேமைக் கழற்றியதும் ஓடியது. சாயங்காலத்துக்குள் வீடியோ தம்மாம் போய்விட்டது.

உள்ளே எல்லாம் படுத்த பிறகும் கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுக்கட்டும் என்று, எந்த ஊரிலோ யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே... அந்த முகம் தெரியாத மகராசன்கள் நன்றாக இருக்கட்டும். மகராசிகளாகவும் இருக்கலாம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது பாயின் போனுக்கு ஜமாலின் வாய்ஸ் மெசேஜ். "அல்ஹம்துலில்லாஹ். புள்ள சிரிச்ச மொகத்தப் பாத்துட்டேன்டா. எனக்கா? எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணுமில்ல..." அதற்கு மேல் குரல் வரவில்லை.

கம்ப்யூட்டராவது சொல்லிவிட்டு விழுந்தது.