சுரங்க ஊரில் அத்தையைக் காணோம்

1998-ம் வருடம், மார்ச் மாதம். அப்போது நாங்கள் ஹூஸ்டனில் இருந்தோம். பொள்ளாச்சியிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். "வந்த நாளா இந்த நாலு செவுத்தையே பாத்துட்டு இருக்கறேன்" என்று அத்தை அலுத்துக்கொண்டதும், என் கணவர் லீவு போட்டுவிட்டு மேற்கு டெக்ஸாஸுக்குக் காரைக் கிளப்பிவிட்டார். ஒரு முழு நாள் டிரைவ். என் இடுப்பே கழன்றுவிட்டது.

மெக்சிகோ எல்லையை ஒட்டிய குட்டி ஊர் அது. ஒரு காலத்தில் பாதரசம் தோண்டி எடுத்து ஓகோவென்று இருந்ததாம். நாங்கள் போனபோது கூரையில்லாத கல் வீடுகள், ஒரு கல்லறைத் தோட்டம், ஒரே ஒரு கடை, அவ்வளவுதான். சுற்றிலும் முள் புதர், வெறும் மலை. சாயங்கால வெயிலில் அந்த மலைகள் செம்பு நிறத்துக்கு மாறியபோது, வந்தது வீண்போகவில்லை என்றுதான் நினைத்தேன்.

நானும் கணவரும் மாறி மாறி போட்டோ எடுத்துக்கொண்டோம். "அத்தை, நீங்களும் வந்து நில்லுங்க" என்று திரும்பினால், அத்தையைக் காணோம்!

காரில் இல்லை. கடையில் இல்லை. இடிந்த வீடு ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்கார அம்மாளின் முகம் மாறிவிட்டது. அந்தப் பக்கம் பழைய சுரங்கக் குழிகள் இருக்கின்றன, சிலவற்றுக்கு வேலிகூடக் கிடையாது, பார்த்துப் போங்கள் என்றார். அத்தைக்குப் பார்வை மங்கல். பொழுது வேறு சாய்கிறது.

"அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டே என் கணவர் ஓடினார். மலையில் மோதி அவர் குரல்தான் திரும்பி வந்ததே தவிர, பதில் இல்லை. என் புத்தி போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போனது. ஒரு குழியின் ஓரத்தில் அவர் குப்புறப் படுத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். முருகா, தினமும் என் சட்னியில் உப்பு இல்லை என்று சொல்கிற மனுஷிதான், சொல்லிவிட்டுப் போகட்டும், திருப்பிக் கொடுத்துவிடு என்று வாய்விட்டு அழுதேன்.

கடைக்கார அம்மாள் தன் பிக்கப் டிரக்கைக் கொண்டுவந்தார். நான் பின்பக்கம் ஏறி நின்று பார்த்துக்கொண்டே வந்தேன். தூரத்தில், காய்ந்த ஓடைக்குள் பச்சையாக ஏதோ அசைந்தது. முந்தானை! அத்தைதான், வாயைத் திறக்காமல் அதைத் தலைக்கு மேலே வீசிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். புதர் மறைவில் ஒதுங்கப் போனவர், திரும்பி வர வழி தெரியாமல் ஓடைக்குள் இறங்கியிருக்கிறார்.

"நான் கூப்பிட்டது கேக்கலையாம்மா?" என்றார் என் கணவர், மூச்சு வாங்க.

"கேட்டுச்சு கண்ணு. எந்தப் பக்கமிருந்துன்னுதான் தெரியல."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமில்ல?"

"நீதான சாமி சொன்ன, இந்த ஊர்ல சத்தம் போட்டா போலீசு வந்துருமுன்னு?"

என் கணவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அபார்ட்மென்ட்டில் மாடிவீட்டுக்காரர் ஒருமுறை முகம் சுளித்தார் என்பதற்காக, அத்தை வந்த வாரமே அவர் சொன்ன வார்த்தை அது. பொள்ளாச்சியில் தோட்டத்தில் நின்று கூப்பிட்டால் ரோடு வரை கேட்கிற தொண்டை அத்தைக்கு. உயிர்ப் பயத்திலும், மகனுக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதென்று அதை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

இன்றும் அத்தை போன் செய்தால், ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்கிறவரை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.